கண்ணுக்கா, காதுக்கா, கைக்கா? கஸ்டம் கிட்டாரில் காசு போகும் இடம்

எலக்ட்ரிக் கிட்டாரை, ஒலியைப் பெருக்கும் ஆம்பில் சொருகாமல் வாசித்தால் பக்கத்து அறையில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. ரப்பர் பேண்டை இழுத்து விட்ட மாதிரி சன்னமாக ஒரு சத்தம், அவ்வளவுதான். அகூஸ்டிக் கிட்டாரில் மரப்பெட்டிதான் காற்றை அசைத்து ஒலி எழுப்புகிறது. அங்கே நல்ல மரத்துக்கும் நல்ல கைக்கும் காசு கொடுப்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. எலக்ட்ரிக் கிட்டாரோ பெரும்பாலும் ஒரு கெட்டியான பலகை. ஒலி பிறப்பது கம்பிக்கும், அதற்குக் கீழே இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி இருக்கும் காந்தத்துக்கும் நடுவில். அப்படியிருக்க, அந்தப் பலகையை ஒருவருக்கென்று தனியாகச் செய்து தரும் கஸ்டம் பட்டறைகளில் பல ஆயிரம் டாலர் கேட்கிறார்களே, எதற்கு?

என் கணக்கு இது: அந்தக் காசில் ஒரு பங்கு கண்ணுக்குப் போகிறது, ஒரு சிறு பங்கு காதுக்குப் போகிறது, மிச்சமெல்லாம் கைக்கு. வேடிக்கை என்னவென்றால், கைக்குப் போன பங்கு சுற்றி வளைத்துக் கடைசியில் காதுக்கே வந்து சேர்கிறது. விற்பவர்கள் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள். மரத்தின் வயது, வார்னிஷின் வகை, காந்தத்தின் ரகம் என்று காதில் தொடங்குவார்கள். அதனால்தான் இந்த விஷயத்தில் இத்தனை குழப்பம்.

எலக்ட்ரிக் கிட்டார் வளர்ந்ததே கைவினைக்கு எதிர்த் திசையில். 1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் விற்ற முதல் மாதிரி, மடியில் கிடத்தி வாசிக்கும் வார்ப்பு அலுமினியச் சாமான். பார்க்க வாணலி போல இருந்ததால் ‘ஃப்ரையிங் பேன்’ என்ற பெயரே நின்றுவிட்டது. 1950-ல் கெட்டிப் பலகை கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்த லியோ ஃபெண்டர் அடிப்படையில் ரேடியோ ரிப்பேர்க்காரர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. விரல்கள் ஓடும் நீளத் தண்டான நெக்கை, ‘பாடி’ எனப்படும் அந்தப் பலகையோடு நான்கு திருகாணியில் முடுக்கினார். கெட்டுப்போனால் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். எல்லாம் ரிப்பேர்க்காரரின் யோசனைதான். மூட்டு தெரியாமல் இழைத்து ஒட்டும் வேலையெல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை.

கஸ்டம் கிட்டார் ஒரு தொழிலாகத் தலைதூக்கியது அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்து. 1965-ல் ஃபெண்டர் நிறுவனம் சிபிஎஸ் என்ற ஒலிபரப்பு நிறுவனத்துக்குக் கைமாறிய பிறகு தரம் இறங்கிவிட்டது என்ற பேச்சு கலைஞர்களிடையே பரவியது. பழைய கிட்டாரைத் தேடி அலைபவர்கள் ஒரு பக்கம், தனக்கென்று ஒன்றைச் செய்யச் சொல்பவர்கள் இன்னொரு பக்கம். கலிஃபோர்னியாவில் கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழுவைச் சுற்றி 1969-ல் உருவான அலெம்பிக் பட்டறை இந்த இரண்டாவது வகைக்கு வழி போட்டது. அங்கே வேலை பார்த்த டக் இர்வின் பிறகு தனியாக, அந்தக் குழுவின் ஜெர்ரி கார்சியாவுக்குக் கிட்டார்கள் செய்து கொடுத்தார். அவற்றில் 1979-ல் கைக்கு வந்த ‘டைகர்’ பெயர் பெற்றது. பல மர அடுக்குகள், பித்தளை வேலைப்பாடு, எடை ஆறு கிலோவுக்கு மேல். அதில் ஏறக்குறைய 2,000 மணி நேர உழைப்பு இருப்பதாகச் சொல்வார்கள். கார்சியா கேட்டது அலங்காரம் மட்டுமல்ல. ஒலியை மாற்றும் எஃபெக்ட் பெடல்களுக்குப் போகும் சிக்னல் முழு அளவில் போய்த் திரும்பக் கிட்டாருக்கே வந்து, அதற்குப் பிறகுதான் வால்யூம் குமிழைத் தொட வேண்டும் என்றார். அப்படியே ஒயரிங் செய்து கொடுத்தார்கள். கடையில் தொங்கும் கிட்டாரில் இப்படிக் கேட்டு வாங்க முடியாது.

1985-ல் பால் ரீட் ஸ்மித் மேரிலாண்டில் தன் கிட்டார் நிறுவனத்தைத் தொடங்கினார். 1987-ல் ஃபெண்டரே தனக்குள் ‘கஸ்டம் ஷாப்’ என்று ஒரு சிறு பட்டறையைத் திறந்தது. ஒரே மாதிரி ஆயிரம் செய்வதற்காகப் பிறந்த பொருளை ஒன்றே ஒன்றாகச் செய்து தரும் வியாபாரம் அதற்குப் பிறகு பெருகிவிட்டது.

சரி, முதலில் காதுப் பங்கைப் பார்ப்போம்.

காந்தத்துக்கு மேலே நிற்கும் எஃகுக் கம்பியும் கொஞ்சம் காந்தமாகிவிடுகிறது. கம்பி அதிரும்போது காந்தப்புலம் ஆடுகிறது. சுற்றியிருக்கும் செப்புச் சுருளில் அந்த ஆட்டம் மின்னழுத்தமாக மாறுகிறது. காந்தமும் சுருளும் சேர்ந்ததுதான் பிக்கப். 1831-ல் ஃபாரடே கண்டதுதான், வேறு மந்திரம் எதுவும் இல்லை. நைலான் கம்பியைக் கட்டினால் பிக்கப்புக்கு ஒன்றுமே கேட்காது. சுருளில் ஓடும் செப்புக் கம்பியின் தடிமன் வழக்கமாக 0.063 மில்லிமீட்டர். ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் பிக்கப் ஒன்றில் அது ஏறக்குறைய 8,000 சுற்று ஓடுகிறது. சுற்று கூடினால் சத்தம் கூடும், ஆனால் மேல் ஸ்தாயிப் பளபளப்பு மங்கும். ஒவ்வொரு சுருளுக்கும் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மேடு ஒன்று உண்டு. அந்த மேடு உயரத்தில் இருந்தால் ஒலி கணீர் என்கிறோம், இறங்கி வந்தால் கனம் என்கிறோம். இதில் பலர் கவனிக்காத ஒன்று, கிட்டாரிலிருந்து ஆம்புக்குப் போகும் ஒயரும் இந்தக் கணக்கில் சேர்ந்தது என்பது. மூன்று மீட்டர் ஒயரை எடுத்துவிட்டு ஒன்பது மீட்டர் ஒயரைப் போட்டால் மேடு கீழே இறங்கி ஒலி மங்கிவிடும். பிக்கப் சரியில்லை என்று மாற்றிய சிலர் ஒயரை மாற்றியிருந்தாலே போதும்.

ஒற்றைச் சுருள் பிக்கப் சுவரில் ஓடும் கரண்டின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் உறுமலையும் சேர்த்துப் பிடிக்கும். கிப்ஸன் கிட்டார் நிறுவனத்தில் இருந்த சேத் லவர் 1955-ல் இதற்கு வழி கண்டார். இரண்டு சுருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின் சுற்றுத் திசையையும் காந்த முனையையும் திருப்பிவிட்டார். வெளியிலிருந்து வரும் உறுமல் இரண்டிலும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். கம்பியின் ஒலியோ இரண்டு முறை திரும்பி நேராகிவிடுவதால் ஒன்றோடொன்று கூடும். ஹம்பக்கர் என்பது இதுதான். காப்புரிமை 1959-ல்தான் கிடைத்தது. அதற்கு முன்பு வந்த பிக்கப்களின் அடியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம் (Patent Applied For) என்று ஒட்டிய ஸ்டிக்கரின் முதல் எழுத்துகளே பிஏஎஃப் என்று ஒரு செல்லப்பெயராகி, இன்றைக்கும் கஸ்டம் பட்டறைகள் துரத்திக்கொண்டிருக்கும் ஒலியின் பெயராகவும் நிற்கிறது.

அந்தக் காலத்தில் சுற்று எண்ணிக்கை ஒன்றுக்கொன்று சரியாக ஒத்துப்போகவில்லை. ஒரு சுருளில் கொஞ்சம் கூட, இன்னொன்றில் கொஞ்சம் குறைவு. கம்பியைக் கையால் வழிநடத்திச் சுற்றிய இடங்களில் வரிசை பிசகி, சுருளுக்குள் இடைவெளி விழும். இன்று அந்தப் பிசகை வேண்டுமென்றே செய்து அதற்குக் காசு வாங்குகிறார்கள். ஃபெண்டரில் 1956-லிருந்து சுருள் சுற்றிய அபிகெயில் இபாரா பிற்காலத்தில் கஸ்டம் ஷாப்புக்குச் சுற்றிய பிக்கப்களில் அவருடைய பெயரின் முதல் எழுத்துகளைத் தேடி வாங்கினார்கள். இவற்றில் வித்தியாசம் கேட்காது என்று நான் சொல்ல மாட்டேன். கேட்கும். ஆனால் ஆம்பின் ட்ரெபிள் குமிழை அரைச் சுற்றுத் திருப்பினால் அந்த வித்தியாசம் எங்கே போனதென்று தேட வேண்டியிருக்கும். அதோடு, எவ்வளவு நல்ல பிக்கப்பாக இருந்தாலும் கஸ்டம் கிட்டாரின் மொத்த விலையில் அது சிறு துண்டுதான். கழற்றி இன்னொரு கிட்டாரில் மாட்டிக்கொள்ளவும் முடியும்.

அப்போது மரம்? இங்கேதான் சண்டை.

2022-ல் நாஷ்வில்லைச் சேர்ந்த கிட்டார் கலைஞர் ஜிம் லில், பாடியும் இல்லாமல் நெக்கும் இல்லாமல் இரண்டு மேசைகளுக்கு நடுவே கம்பிகளை இழுத்துக் கட்டி, பிக்கப்பை அதே தூரத்தில் பொருத்தி வாசித்துக் காட்டினார். அதற்கும் அவருடைய நல்ல டெலிகாஸ்டர் வகைக் கிட்டாருக்கும் காதால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டமாகவே இருந்தது. மரத்தின் மேல் நம்பிக்கை வைத்தவர்களுக்கு அது பெரிய அடி. ஆனால் அதை வைத்து மரத்தால் ஒன்றுமே இல்லை என்று முடிவுகட்டுவதும் அவசரம். கனமான மேசை கம்பியின் ஆற்றலைக் கிட்டத்தட்ட வாங்கிக்கொள்வதே இல்லை. கிட்டாரின் நெக் அப்படியல்ல. அது நீளமான, மெல்லிய மரத்துண்டு. தனக்குப் பிடித்த அதிர்வெண் வந்தால் கூடவே ஆடும்.

என்னிடம் இருக்கும் ஒரு கிட்டாரில் மூன்றாம் கம்பியை ஏழாம் ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) அழுத்தி மீட்டினால் சுரம் எழும்பி இரண்டு விநாடியில் மடங்கிவிடும். ஆறாம் ஃப்ரெட்டிலும் எட்டாம் ஃப்ரெட்டிலும் அதே கம்பி நின்று பாடும். கம்பியை மாற்றினேன், ஃப்ரெட்டைப் பார்த்தேன், பிக்கப்பைக் கீழே இறக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் நெக்கின் தலைப்பகுதியைச் சுவரில் சாய்த்து அழுத்திக்கொண்டு மீட்டியபோது அந்தச் சுரம் உயிர் பெற்றது. குற்றவாளி நெக்தான். இந்தச் செத்த இடங்களை 1990களின் இறுதியில் ஜெர்மனியில் ஹெல்முட் ஃப்ளைஷரும் டில்மான் ஸ்விக்கரும் அளந்து பார்த்தார்கள். எந்த ஃப்ரெட்டில் எந்த அதிர்வெண்ணில் நெக் எளிதாக ஆடுகிறதோ அங்கேயெல்லாம் சுரம் சீக்கிரம் சாகிறது என்று காட்டினார்கள். கம்பியின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம், அதாவது பாடி பக்கம், கம்பியிலிருந்து கசிந்து போகும் ஆற்றல் அதோடு ஒப்பிட்டால் குறைவு.

ஆக மரம் பேசத்தான் செய்கிறது. ஆனால் விளம்பரம் சொல்கிற இடத்தில் அல்ல. பாடி மஹாகனியா ஆல்டரா என்பதைவிட, நெக் மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு காய்ந்திருக்கிறது, எவ்வளவு விறைப்பு என்பதே பெரிய விஷயம். கஸ்டம் பட்டறையில் நெக்குக்கான கட்டையைத் தேர்ந்தெடுக்க நேரம் செலவழிக்கிறார்கள். ரேகை செங்குத்தாக ஓடும்படி அறுத்த துண்டாகப் பொறுக்குவார்கள். சிலர் ஆக்ஸிஜன் குறைந்த சூளையில் வறுத்த மேப்பிளைப் பயன்படுத்துகிறார்கள். வறுத்த மரம் ஈரக்காற்றுக்கும் வறண்ட காற்றுக்கும் அவ்வளவாக வளைந்து கொடுக்காது. வேறு சிலர் உள்ளே கார்பன் இழைக் கம்பிகளைப் புதைக்கிறார்கள். இதெல்லாம் வெளியே தெரியாத வேலை.

வெளியே தெரிகிற மரம் கண்ணுக்கானது. புலி வரி போல ஒளியில் அசையும் மேப்பிள் முகப்பு இருக்கிறதே, அது நாரின் அலையால் வரும் தோற்றம். ஒரே பலகையைப் புத்தகம் திறப்பது போல இரண்டாகப் பிளந்து பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுவதால் இரண்டு பாதியும் கண்ணாடி பார்த்த மாதிரி ஒத்திருக்கும். முதலில் கருஞ்சாயம் பூசி உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடுவார்கள். வரிகளுக்குள் மட்டும் கறுப்பு தங்கும். அதன் மேல் வேறு நிறம். அழகுக்கு நான் எதிரியல்ல, கிட்டாரை உறையிலிருந்து வெளியே எடுக்கத் தூண்டுவதே பாதி நாள் அந்த முகப்புதான். அதை ஒலி என்று சொல்லி விற்கும்போதுதான் சிரிப்பு வருகிறது. நெக்கில் விரல் பதியும் மேல்பலகையான ஃபிங்கர்போர்டில் பிரேசில் ரோஸ்வுட் மேல் இருக்கும் மோகமும் இப்படித்தான். 1992-லிருந்து அந்த மரத்தின் பன்னாட்டு வியாபாரம் அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கடுமையான பட்டியலில் இருக்கிறது. தமிழில் ஈட்டி, தோதகத்தி என்று சொல்லப்படும் இந்திய ரோஸ்வுட்டும் 2017-ல் அதைவிடத் தளர்வான இன்னொரு பட்டியலுக்குள் வந்தது. செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019-ல் விலக்கு கொடுத்தார்கள். ஒரு மரம் கிடைக்காமல் போவதற்கும் அதன் ஒலி இனிமையாவதற்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது போலும்.

இனி கை. அசல் வேலை இங்கேதான்.

ஃப்ரெட்டுகளை எங்கே அறைவது என்பது கணக்கு. ஒவ்வொரு அரைச் சுரத்துக்கும் கம்பியின் நீளம் 2-ன் பன்னிரண்டாம் மூலத்தால், அதாவது 1.0595-ஆல் வகுபட வேண்டும். ஃபெண்டர் அளவான 648 மில்லிமீட்டரில் முதல் ஃப்ரெட், நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் கடக்கும் நட்டிலிருந்து 36.4 மில்லிமீட்டரில் விழும், பன்னிரண்டாவது சரிபாதியில், 324-ல். கணினி ஓட்டும் இயந்திரம் இதை எந்தக் கைவினைஞரையும்விடத் துல்லியமாக வெட்டிவிடும், விலை குறைந்த கிட்டாரிலும்கூட. எனவே இதற்காக யாரும் கூடுதல் காசு தர வேண்டியதில்லை. காசு கேட்பது அறைந்த பிறகு செய்யும் வேலை.

ஃப்ரெட் என்பது நிக்கல் சில்வர் கம்பி. பெயரில்தான் வெள்ளி. உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். இருபத்திரண்டு ஃப்ரெட்டை அடித்து இறக்கிய பிறகு அவற்றின் தலைகள் ஒரே மட்டத்தில் இருக்காது. முதலில் நெக்குக்குள் இருக்கும் எஃகுத் தண்டை முடுக்கி நெக்கை நேராக்குவார்கள். 1920களில் கிப்ஸனில் வேலை பார்த்த தாடியஸ் மக்ஹ்யூ காப்புரிமை வாங்கிய உபாயம் அந்தத் தண்டு. பிறகு ஒவ்வொரு ஃப்ரெட்டின் தலையிலும் மார்க்கரால் மை பூசி, உப்புத்தாள் ஒட்டிய நேரான உலோகப் பட்டையை நீளவாக்கில் ஓட்டுவார்கள். மை போன இடம் மேடு, மை நிற்கும் இடம் பள்ளம். எல்லாத் தலையிலும் மை ஒரு மயிரிழை போகும் வரை ஓட்ட வேண்டும், அதற்கு மேல் ஒரு இழுப்பும் கூடாது. இப்போது தலைகள் தட்டையாகிவிட்டன. தட்டையான தலையில் கம்பி உட்கார்ந்தால் சுருதி நகர்ந்துவிடும், ரீங்காரமும் வரும். ஆகவே குழிவான அரத்தால் ஒவ்வொன்றையும் திரும்ப உருட்டி, உச்சியில் மெல்லிய கோடு மட்டும் மிஞ்ச விடுவார்கள். அப்புறம் ஓரங்கள். இருபத்திரண்டு ஃப்ரெட்டுக்கு நாற்பத்து நான்கு முனை. ஒவ்வொன்றையும் அரை உருண்டையாகத் தேய்த்து, கட்டைவிரலால் நெக்கின் விளிம்பை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்க்க வேண்டும். ஒரு இடத்தில்கூட நெருடக் கூடாது. வறண்ட காலத்தில் மரம் சுருங்கினால் சுமாரான கிட்டாரில் இந்த முனைகள் ரம்பப் பல்லாக வெளியே வரும். அதைக் கையில் வாங்கியவருக்குத் தெரியும்.

நட்டும் அப்படியே. ஆறு கம்பிகள் கடந்து போகும் எலும்புத் துண்டு அது. வெட்டு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் சில பங்கு உயரமாக நின்றுவிட்டால் முதல் ஃப்ரெட்டில் பிடிக்கும் ஒவ்வொரு கார்டும் சுருதி ஏறிக் கசக்கும். ட்யூனரைப் பார்த்தால் திறந்த கம்பி சரியாகவே காட்டும். வாசிப்பவர் தன் காதைச் சந்தேகிப்பார். வெட்டு ஆழமாகிவிட்டாலோ கம்பி ஃப்ரெட்டில் உரசும், அந்த நட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். தொழிற்சாலை பாதுகாப்புக்காக உயரமாகவே விட்டுவிடுகிறது. கஸ்டம் பட்டறையில் எல்லை வரை இறக்குகிறார்கள்.

ஃபிங்கர்போர்டின் குறுக்கு வளைவையும் பாருங்கள். பழைய ஃபெண்டரில் அது 7.25 அங்குல ஆரம். நல்ல வளைவு, கார்டு பிடிக்கச் சுகம். ஆனால் கம்பிகளைத் தாழ்வாக வைத்துக்கொண்டு பதினைந்தாம் ஃப்ரெட்டில் முதல் கம்பியை ஒரு முழுச் சுரம் மேலே தள்ளினால், கம்பி வளைவின் முதுகில் ஏறி அடுத்த ஃப்ரெட்டில் முட்டிக்கொள்ளும். பாடிக்கொண்டிருந்த சுரம் தொண்டையைப் பிடித்த மாதிரி நின்றுவிடும். இதற்காகவே நட் அருகில் 10 அங்குலத்தில் தொடங்கி மேலே போகப் போக 16 வரை தட்டையாகும் கலப்பு வளைவைச் செய்கிறார்கள். கம்பி நீளமும் தேர்வுதான். ஃபெண்டரின் 25.5 அங்குலத்துக்கும் கிப்ஸனின் 24.75-க்கும் உள்ள வித்தியாசத்தில், அதே கம்பி அதே சுருதிக்கு நீளமானதில் ஏறக்குறைய 6 சதவீதம் கூடுதல் விறைப்பில் நிற்கும். விரலுக்கு உடனே தெரியும்.

கைக்குப் போன பங்கு காதுக்கு வருவது இந்த வழியில்தான். கம்பி தாழ்வாக இருந்தும் உரசாவிட்டால் வாசிப்பவர் அழுத்தத்தைக் குறைக்கிறார். அழுத்தம் குறைந்தால் சுருதி பிசகாது. தள்ளிய கம்பி நிற்கும் என்று நம்பிக்கை வந்தால் தள்ளத் துணிகிறார். முனை நெருடாவிட்டால் கை வேகமாக இடம் மாறுகிறது. ஒலிப்பதிவைக் கேட்பவர் ‘என்ன டோன்’ என்று வியப்பது இதையும் சேர்த்துத்தான். என் மலிவான கிட்டார் ஒன்றின் ஃப்ரெட்டுகளை மட்டம் செய்து, நட்டை மாற்றி வாங்கிய அன்று அதே பிக்கப், அதே ஆம்ப். ஆனால் நான் வாசித்தது வேறு.

பூச்சைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கார்களுக்கு அடித்த நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைத்தான் அன்று கிட்டாருக்கும் அடித்தார்கள். மெல்லியதாக அடிக்கலாம், தேயும், குளிரில் வெடிப்பு விடும். பாலியெஸ்டர் தடிப்பாகக் கண்ணாடி போல நிற்கும். மரம் மூச்சு விடுகிறது என்ற கதையை நான் நம்பவில்லை. நெக்கின் பின்புறம் ஒட்டாமல் வழுக்குகிறதா என்பதே எனக்கு முக்கியம். 1995-ல் ஃபெண்டர் ‘ரெலிக்’ என்று புதுக் கிட்டாரைத் தேய்த்து, சுரண்டி, துருப்பிடிக்க வைத்து விற்கத் தொடங்கியது. புதுச் சட்டையைக் கிழித்துத் தரக் கூடுதல் கூலி. கிண்டல் செய்கிறேன், ஆனால் விளிம்புகள் உருண்டு பழகிய நெக் முதல் நாளே கிடைப்பது சுகம் என்பதையும் மறுக்க முடியவில்லை.

விலைக்கும் ஒலிக்கும் நேர்க்கோடு போட முடியாது என்பதற்கு ராக் கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலன் ஒருவரே போதும். தரத்தில் தேறாத பாடியை 50 டாலருக்கும் நெக்கை 80 டாலருக்கும் வாங்கி, கிப்ஸன் ஹம்பக்கரை மெழுகில் முக்கி மாட்டி, சைக்கிள் பெயிண்ட் அடித்தார். 1978-ல் அவருடைய குழுவின் முதல் ஆல்பம் வந்த பிறகு உலகம் துரத்திய ஒலி அது. இன்னொரு பக்கம் குயீன் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே. 1963-ல் பள்ளிப் பையனாக இருந்தபோது, அப்பா ஹாரல்டோடு சேர்ந்து வீட்டிலேயே கிட்டார் செய்யத் தொடங்கினார். நெக், பழைய கணப்படுப்பின் மேல்பலகை. அதிலிருந்த பூச்சி ஓட்டைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரெமலோவுக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வ் ஸ்பிரிங், ஃப்ரெட் குறிகளுக்கு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துப் பொத்தான்கள். ட்ரெமலோ கைப்பிடியின் நுனியில் பின்னல் ஊசியின் முனை. முடிக்க இரண்டு வருடம் ஆனது. காசு கிட்டத்தட்டச் செலவாகவில்லை, ஆனால் ஒரு கைக்காகவே அளந்து செய்ததில் இதைவிடச் சுத்தமான கஸ்டம் கிட்டார் எனக்குத் தெரியவில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு, வாங்குபவர்கள் முதலில் யோசிப்பதில்லை. ஒருவர் கைக்குச் செய்தது இன்னொருவர் கைக்குப் பொருந்தாது. பேர் பெற்ற மாடல் மறுவிற்பனையில் விலையைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் கைக்கென்று ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து செதுக்கிய நெக்கோ, அடுத்தவர் கையில் எடுத்ததும் விநோதமாக இருக்கும், விலையும் இறங்கும். அதனால் நல்ல பட்டறைக்காரர் மரத்தையும் நிறத்தையும் பற்றிக் கடைசியில்தான் கேட்பார். முதலில், உங்களிடம் இருப்பதில் அதிகம் எடுத்து வாசிக்கும் கிட்டார் எது, அதன் நெக் முதல் ஃப்ரெட்டிலும் பன்னிரண்டாவதிலும் எத்தனை மில்லிமீட்டர் தடிமன், கம்பி என்ன கேஜ் (தடிமன்), கட்டைவிரல் நெக்குக்குப் பின்னால் நிற்குமா மேலே வளைந்து வருமா என்றெல்லாம் கேட்பார். முடிந்தால் அந்தப் பழைய கிட்டாரையே கொண்டுவரச் சொல்லி, நெக்கின் வளைவை அச்சு எடுத்துக்கொள்வார்.